விசிறியைத் திருப்பாதே

எங்கள் குட்டி விமானக் கிளப்பில் எழுதி ஒட்டிய விதிகள் ஒரு கதவு நிறைய உண்டு. அவற்றை யாரும் படித்ததுகூட இல்லை. எழுதாத விதி ஒன்றே ஒன்று. அதை மீறிய ஆளும் இல்லை. விமானம் விழுந்தால், விசிறியைத் திருப்பாதே.

காரணம் எளிது. குட்டி விமானத்தின் எஞ்சின் ஒரு கோழிமுட்டை அளவுதான். அதற்கும் வாய் உண்டு, காற்றை இழுக்க. மூக்கு குத்தி விழும்போது அந்த வாயில் மண் போகும். உள்ளே பிஸ்டனும் அதைச் சுற்றியுள்ள குழலும் ஒன்றோடொன்று இழைத்து இழைத்துச் சேர்த்த ஜோடி. அவற்றின் நடுவே தலைமயிர் நுழையாது. மண்ணோடு ஒரு தடவை, பிஸ்டனை அசைக்கிற மூக்கு விசிறியைத் திருப்பினால் போதும், பேரம் படிந்த இரண்டு பேருக்கு நடுவில் தரகன் புகுந்த கதைதான். கோடு விழுந்துவிடும். அதன்பின் அந்த ஜோடி சேராது. அதனால் விழுந்ததை விழுந்தபடியே துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு திருகாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, அப்புறம்தான் எதையும் அசைத்துப் பார்ப்போம்.

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிறு, மேட்டில் இருக்கும் பழைய விமானத் தளத்தில் ஹோரஸ் டிம்மின்ஸின் சிவப்பு விமானம் விழுந்தது. மேற்கிலிருந்து காற்று தள்ளிக்கொண்டிருந்தது. கீழே கிராட்லி ஹீத் ஊரில் சங்கிலிப் பட்டறைகளுக்கு விடுமுறை, அதனால் வானம் துடைத்தாற்போல் இருந்தது. நான் வழக்கம்போல் ஓரத்தில் நாற்காலி போட்டுச் சுற்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பந்தயம் இப்படி. வட்டத்தின் நடுவில் மூன்று பேர் முதுகோடு முதுகு உரச நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிடி, பிடியிலிருந்து இரண்டு எஃகுக் கம்பி, கம்பியின் முனையில் விமானம். மூன்றும் ஒரே வட்டத்தில் அலறிக்கொண்டு சுற்றும். எண்ணெய் தீர்ந்து இறங்கியதை வட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் கூட்டாளி பாய்ந்து பிடித்து, எண்ணெய் ஊற்றி, விசிறியை ஒரு சுண்டு சுண்டி மறுபடி பறக்க விட வேண்டும். ஓட்டுகிறவனுக்குக் கால் வேண்டும், கூட்டாளிக்கு விரல் வேண்டும்.

ஹோரஸுக்கு விரல் இருந்தது. திருகாணித் தொழிற்சாலையில் கடைசல் பிடிக்கிறவன். அவன் ஆள்காட்டி விரலில் விசிறி கீறிய தழும்புகளைப் பார்த்தால் ஊர் வரைபடம் போலிருக்கும். கால் சிரில் ஹிங்லிக்கு. ஹோரஸின் மனைவி மேவிஸுக்குத் தம்பி. பஸ் கண்டக்டர். ஆடுகிற தரையில் நின்றே பிழைத்தவன், எத்தனை சுற்றினாலும் தலை சுற்றாது. அக்கா கல்யாணமான மறுமாதம் ஒரு வாரம் தங்கிப்போக வந்தான். அந்த வாரம் இன்னும் முடியவில்லை.

அன்றைக்குச் சிரில் கறுப்பு விமானத்துக்கு மேலாக ஏறித் தாண்டப் பார்த்தான். திடீரென்று சிவப்பு தலை சாய்ந்தது. தார்த் தரையில் மோதி, புல்லில் உழுதுகொண்டு நின்றது. பின்னால் வந்த கறுப்பு அதன் மூக்கைச் சீவிக்கொண்டு போனது. விசிறி தீக்குச்சி தீக்குச்சியாகச் சிதறிற்று.

"எஞ்சின் நின்னுடுச்சு," என்றான் சிரில்.

"எஞ்சின் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு," என்றான் ஹோரஸ். "நீ கால் தடுக்கின."

"நானா? பஸ்ல இத்தனை வருஷமா நிக்கிறேன், ஒரு நாள் தடுக்கினதில்ல."

"பஸ்ல பிடிச்சுக்கக் கம்பி இருக்கு."

மூன்று எஞ்சின் அலறும்போது எது நின்றது, எது ஓடியது என்று யார் காதுக்குத் தெரியும்? என்னைக் கேட்டார்கள். நான் சுற்றுகளை மட்டுமே எண்ணுகிறவன் என்றேன். இரண்டு வாடிக்கைக்காரர்கள் அடித்துக்கொள்ளும்போது என்னைப் போன்ற வியாபாரி தராசைப் பார்க்க வேண்டும், முகத்தைப் பார்க்கக் கூடாது.

ஆனால் சாட்சி ஒன்று இருந்தது. ஓடுகிற எஞ்சின் விழுந்தால் மூச்சை இழுத்துக்கொண்டே விழும், மண் அடிவயிறு வரை போயிருக்கும். நின்றுபோன எஞ்சின் விழுந்தால் உதட்டில் மட்டும்தான் மண். நின்றிருந்தால் எஞ்சினைத் தயார்செய்த ஹோரஸ் மேல் தப்பு, ஓடியிருந்தால் ஓட்டிய சிரில் மேல்; திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஹோரஸ் எஞ்சினைத் துணியில் சுற்றினான். வீட்டுக்குப் போனதும் பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்து அடுப்படி அலமாரியில், தேயிலைக்கும் தொட்டி தேய்க்கும் தூளுக்கும் நடுவே ஏற்றினான்.

அங்கேயே அது கிடந்தது. நியாயம் தன் பக்கம் என்று நம்புகிறவன் பெட்டியைத் திறக்க அவசரப்படுவான். இவர்கள் இரண்டு பேருமே அவசரப்படவில்லை. நான் இல்லாமல் நீ திறக்கக் கூடாது என்றான் ஒருவன். உன்னோடு ஒரே மேஜையில் உட்கார மாட்டேன் என்றான் மற்றவன்.

பெந்தெகொஸ்தே திருநாள் விடுமுறையில் பெரிய பந்தயம். அதற்கு அதிக நாளில்லை.

நான் அடுத்த வீடு, வியாழக்கிழமை இரவுச் சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான். அந்த வியாழன், பன்றிக்கறித் துண்டு போட்டு வேகவைத்த சாம்பல் பட்டாணி. வெளியே மழை. மேஜையின் இந்தக் கோடியில் ஹோரஸ், அந்தக் கோடியில் சிரில், நடுவில் மேவிஸ்.

"மேவிஸ்," என்றான் ஹோரஸ், "உன் தம்பிகிட்ட அந்த வினிகரை இப்படித் தள்ளச் சொல்லு."

"அக்கா, மிஸ்டர் டிம்மின்ஸுக்குக் கை இருக்கான்னு கேளு."

"கை இருக்கு. அதனாலதான் எஞ்சின் இத்தனை நாள் நிக்காம ஓடுச்சு. இதையும் சொல்லு."

"நான் என்ன டெலிபோன் கம்பியா?" மேவிஸ் எழுந்து வினிகர் புட்டியை எடுத்துத் தன் பட்டாணியில் ஊற்றிக்கொண்டாள், பிறகு தன் மடியில் வைத்துக்கொண்டாள். "யாருக்கு வேணுமோ அவங்க என்கிட்ட தன் வாயால கேக்கட்டும்."

ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் வினிகர் இல்லாமலே தின்று முடித்தார்கள். வினிகர் இல்லாத சாம்பல் பட்டாணி நனைந்த சாக்குப்பை மாதிரி இருக்கும். அதையும் தின்கிறார்கள் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

தட்டைத் துடைத்துக்கொண்டே சிரில் சொன்னான். "அக்கா, வெட்னஸ்பரி கிளப்புல ஓட்ட ஆள் இல்லையாம். என்னைக் கூப்பிடுறாங்க. டிப்போ பக்கத்துல ஒரு ரூமும் இருக்காம். அடுத்த வாரம் போய்டலாம்னு பாக்குறேன்."

"ரூம்ல ஜன்னல் இருக்கான்னு கேட்டுக்கச் சொல்லு," என்றான் ஹோரஸ். அவ்வளவுதான். எழுந்து கோழிகளைப் பார்க்கப் போனான். அந்த மழையில் கோழிகளில் பார்க்க ஒன்றுமில்லை.

சனிக்கிழமை மேவிஸ் சந்தைக்கட்டிடத்தில் என் கடைக்கு வந்தாள். உடைந்தது, ஒட்டினது, எதற்கென்று எனக்கே தெரியாதது எல்லாம் என் கடையில் கிடைக்கும். மூடிப்போன ஒரு பொம்மைக் கடையிலிருந்து மொத்தமாக வாங்கிய எஞ்சின் சாமான் பெட்டி ஒன்று மேஜைக்கடியில் இருந்தது. அவள் முதலில் தேநீர் வடிகட்டி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு கொக்கி. அதன்பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல, "ஹோரஸோட எஞ்சினுக்குப் பிஸ்டனும் குழலும் ஜோடியா ஏதாவது கிடக்குதா, ரூபன்?"

வேண்டியதைக் கடைசியில் கேட்கிறவள்தான் நல்ல வாடிக்கைக்காரி. எனக்கு அவள்மேல் மரியாதை பெருகிற்று. மெழுகுத்தாளில் சுற்றிய ஜோடி ஒன்றை எடுத்து வைத்தேன்.

"இது இப்ப எங்கயும் வர்றதில்ல, மேவிஸ்."

"வாங்க ஆளில்லைன்னா எப்படி வரும்?"

"அப்ப கிளப்புல மத்தவங்ககிட்ட கொடுத்துடுறேன்."

"கொடுங்க. அவங்க யாரும் உங்களுக்கு வெங்காய ஊறுகாய் போட்டுத் தர மாட்டாங்க."

இந்த இடத்தில் நான் தோற்றேன். விலை பாதியாக இறங்கி, மீதிப் பாதி இரண்டு ஜாடி வெங்காயமாக மாறியது. சுற்றிக் கொடுக்கப் போனேன். அவள் கையை நீட்டவில்லை.

"இங்கேயே இருக்கட்டும். நாளைக்கு மத்தியானம் வீட்டுல இருங்க. நான் கேக்குறப்ப, எங்கயோ தேடிப் பிடிச்ச மாதிரி கொண்டு வாங்க."

"எஞ்சினைத் திறந்து பாத்துட்டீங்களா? பிஸ்டன் போச்சா?"

"இன்னும் போகல," என்றாள் மேவிஸ்.

காசு கொடுத்துச் சாமானைக் கடையிலேயே விட்டுப் போகிறவர்களை நான் பார்த்ததில்லை. காய்ச்சல் வருவதற்கு முன் மருந்து வாங்குகிறவளையும் பார்த்ததில்லை. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"யோசிச்சுப் பாருங்க. அதைத் திறந்தா ரெண்டுல ஒருத்தர் தோக்கணும். சிரில் தோத்தா அவன் போவான். ஹோரஸ் தோத்தா பேசாம உள்ளேயே வெந்துட்டிருப்பார், அதைப் பாக்க முடியாம அப்பவும் சிரில்தான் போவான். அங்க தனியா உக்காந்து டப்பா மீனைத் திறந்து தின்னுவான். ஹோரஸ் இங்க சாயங்காலம் பூரா சுவரைப் பாப்பார். ரெண்டு ஆம்பளைங்களை வெச்சு மேய்க்கிறது ஒருத்தரை மேய்க்கிறதைவிட சுலபம், ரூபன். ஒருத்தர் தொணதொணப்பை இன்னொருத்தர் வாங்கிப்பாங்க."

தேநீர் வடிகட்டியைச் சும்மா கொடுத்தேன். எனக்கே ஆச்சரியம்.

ஞாயிறு மத்தியானம் இருவரும் மதுக்கடைக்குப் போனார்கள், தெருவின் ஆளுக்கொரு ஓரமாக. திரும்பி வந்ததும் அப்படித்தான். கதவு திறந்த ஓசை கேட்டது. பிறகு சுவரைத் தாண்டி ஒரு அலறல். ஒன்றல்ல, இரண்டு, ஆனால் ஒரே சமயத்தில், ஒரே வார்த்தையில்.

"திருப்பாதே!"

நான் போனபோது அடுப்படி மேஜையில் எஞ்சின். டிராயரிலிருந்து எடுத்த புது மரவிசிறியை மாட்டி, மேவிஸ் அதைக் காபிக்கொட்டை அரைக்கிறாற்போல் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். சரக், சரக் என்று மணல் அரைபடுகிற சத்தம்.

"ஏன் கத்துறீங்க? ஒண்ணும் ஆகல. நல்லாத்தானே சுத்துது, பாருங்க," என்றாள்.

ஹோரஸ் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கினான். ஏணியிலிருந்து விழுந்த குழந்தையைத் தடவுவதுபோல் தடவினான். சிரில் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, உனக்கு மூளை இருக்கா? மண்ணு உள்ள இருக்கிறப்ப யாராவது திருப்புவாங்களா?"

"அலமாரியைத் துடைச்சேன். இதையும் துடைக்கலாம்னு எடுத்தேன்."

"துடைச்சாளாம்!" சிரில் ஹோரஸ் பக்கம் திரும்பினான். "கேட்டியா? துடைச்சாளாம்."

"கேட்டேன்," என்றான் ஹோரஸ். "பிஸ்டன் போயிருக்கும்."

"குழலும்தான் போயிருக்கும். அந்த சத்தத்தைக் கேட்டியா?"

"கேட்டேனே. என் பல்லே கூசிப்போச்சு."

ஒரு வாரமாக ஒருவர் பெயரை ஒருவர் உச்சரிக்காத இரண்டு பேரும் இப்போது தோளோடு தோள் இடித்துக்கொண்டு எஞ்சின்மேல் குனிந்திருந்தார்கள். மேவிஸ் மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. முதுகு மட்டும் கொஞ்சம் தளர்ந்தது.

உடனே பிரித்தே ஆக வேண்டும் என்று முடிவாயிற்று. எஞ்சின் கூட்டைச் சூடு பண்ணினால்தான் உள்ளே இறுகியிருக்கும் பேரிங் விட்டுக்கொடுக்கும். அதற்கு அடுப்புக்கூண்டு வேண்டும். அதில் மாட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது.

"அதை வெளிய எடு, மேவிஸ்."

"இன்னும் வேகல."

"இறைச்சி எப்ப வேணா வேகும்."

இறைச்சி வெளியே வந்தது, எஞ்சின் உள்ளே போனது. அடுப்படி முழுக்க விளக்கெண்ணெய் வாடை. இந்த எஞ்சின்கள் குடிப்பது விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் ஈதரும்தான். நம் குடலுக்கு ஆகாதது அவற்றின் உயிர். சூடேறியதும் ஹோரஸ் அதைச் சாக்குத்துணியில் பிடித்து மேஜைமேல் தட்டினான். சிரில் கை நீட்டி, தெறித்த பேரிங்கைப் பிடித்து, "ஆ ஆ ஆ" என்று ஊதிக்கொண்டே தட்டில் போட்டான். அவனிடம் யாரும் பிடிக்கச் சொல்லவில்லை.

பிஸ்டனைப் பார்த்தோம். சாம்பல் நிறப் பளபளப்பின்மேல், பூனை நகம் போட்டாற்போல் நீளநீளக் கோடுகள். ஒரு பக்கத்துக் காது, அதாவது எஞ்சினை மரத்தில் திருகிவைக்கும் நீட்டம், விழுந்ததில் உடைந்திருந்தது. எண்ணெயை அளந்து விடுகிற ஊசி வளைந்திருந்தது.

"கேஸுக்கு சீல் வெச்சாச்சு," என்றான் சிரில். "எவன் தப்புன்னு இனி கடவுளுக்குக்கூடத் தெரியாது. எல்லா மண்ணையும் எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ட்டா."

"அப்ப தப்பு என்னோடதுன்னே வெச்சுக்குங்க," என்றாள் மேவிஸ் உருளைக்கிழங்கைத் திருப்பிக்கொண்டே.

"வேற யாரோடது?" என்றார்கள் இருவரும்.

சிரில் கை கழுவக் கொல்லைக் குழாய்க்குப் போனான். ஹோரஸ் கூட்டை வெள்ளைச் சாஸரில் மண்ணெண்ணெய் விட்டு அலசினான். கலங்கல் மெல்ல அடங்கிற்று. எங்கள் மேட்டு மண் கரிமண். சாஸரின் அடியில் படிந்ததில் பெரும்பங்கு வெள்ளையாக, நறநறவென்று இருந்தது. ஹோரஸ் ஒரு விரலால் தொட்டான். மோந்து பார்த்தான். மண்ணெண்ணெயையும் மீறி நகராட்சி நீச்சல்குளத்தின் குளோரின் வாடை எனக்கே அடித்தது. அவன் தலையை உயர்த்தி அலமாரியைப் பார்த்தான். தொட்டி தேய்க்கும் தூள் டப்பா, மூடி சரியாக மூடாமல். பிறகு மனைவியின் முதுகைப் பார்த்தான்.

சாஸரை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்து, தண்ணீரைத் திறந்துவிட்டான். போகிற வழியில் அந்த டப்பாவின் மூடியை ஒரு தட்டு தட்டி மூடினான்.

"ரூபன்," என்றாள் மேவிஸ் திரும்பாமலே, "இதுக்குப் பிஸ்டன் ஜோடி உங்க பக்கம் எங்கயாவது கிடைக்குமா?"

"கஷ்டம்," என்றேன். "இருந்தாலும் பாக்குறேன்." சந்தைக்கட்டிடம் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜோடி என் கோட்டுப் பையிலேயே இருந்தது. கால்வாய்க்கரை வரை நடந்து, வாத்துகளோடு கொஞ்ச நேரம் நின்று, மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். இவ்வளவு நடிப்புக்கு மூன்றாவது ஜாடி கேட்டிருக்கலாம்.

அதன்பிறகு அந்த வீட்டில் தினம் மாலை வேலை நடந்தது. காதுக்கு ஒரு அலுமினியத் துண்டை வெட்டி, தொழிற்சாலையில் ஒருவனைப் பிடித்துப் பற்றவைத்து வாங்கி, ஹோரஸ் அரம் போட்டுச் சமனாக்கித் துளையிட்டான். வளைந்த ஊசிக்குப் பதில் சைக்கிள் கம்பியைத் தீட்டி ஒன்று செய்தான். புது பிஸ்டன் குழலுக்குள் பாதியில் இறுகியது. பித்தளை துலக்கும் பசையைச் சொட்டு விட்டு, முன்னும் பின்னும் இழைத்து இழைத்துத்தான் அதை இணங்க வைக்க வேண்டும். அது சிரில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து டிக்கெட் கிழித்த அதே விரல்களால் இழைப்பான்.

"இன்னும் எவ்வளவு?"

"இன்னும்."

"கை மரத்துப்போச்சு, மச்சான்."

அந்தச் சொல் அவன் வாயிலிருந்து தெரியாமல் நழுவிவிட்டது. "இன்னும்," என்றான் ஹோரஸ், பசை டப்பாவை அவன் பக்கம் தள்ளிக்கொண்டே. மேவிஸ் வினிகர் புட்டியை மேஜை நடுவில் வைத்தாள். வெட்னஸ்பரி அறையைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. அதில் ஜன்னல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெந்தெகொஸ்தே திங்களன்று வெயில் அடித்தது. ஹோரஸின் சுண்டலுக்கு எஞ்சின் முதல் தடவையே பிடித்தது. சோதித்து நிறுத்திவிட்டு, தங்கள் முறை வரக் காத்திருக்கும்போது இருவரும் என் நாற்காலிக்குப் பக்கத்துப் புல்லில் உட்கார்ந்தார்கள்.

"சிரில்," என்றான் ஹோரஸ், புல்லைப் பிடுங்கிக்கொண்டே. "அன்னைக்கு எஞ்சின்தான் நின்னுச்சு. எண்ணெய் ஊசியை நான் ஒரு கால் சுத்து கூட முறுக்கிட்டேன். அப்பவே தெரியும்."

"சும்மா இரு. நான்தான் தடுக்கினேன். கறுப்புக்காரன் பூட்ஸ் மேல கால் வெச்சேன்."

"நீ தடுக்கல. நான் பாத்தேன்."

"என் கால் எனக்குத் தெரியாதா? நீ முறுக்கினது சரியாத்தான் இருந்துச்சு."

"சரியா இல்லைங்கிறேன்."

"இருந்துச்சுங்கிறேன்."

நான் பிறந்தது பேரத்துக்கு நடுவில். குறைத்துக் கேட்பவனையும் கூட்டிச் சொல்பவனையும் பார்த்துப் பார்த்துக் கண் தேய்ந்தவன். இரண்டு பக்கமும் "நான்தான் கொடுப்பேன்" என்று மல்லுக்கட்டிய பேரத்தை அன்றுதான் பார்த்தேன். படியவில்லை. ஒலிபெருக்கி அவர்களைக் கூப்பிட்டுவிட்டது.

எல்லா அணிகளிலும் மூன்றாவதாக வந்தார்கள். அதுவும் வேகத்தால் இல்லை, ஹோரஸின் விரலால். கடைசிச் சுற்று முடிந்து, எஞ்சின் அடங்கி இறங்கும்போது எதிர்க்காற்று ஒன்று சிவப்பைத் தூக்கி, தலைகுப்புறக் கவிழ்த்து, புல்லில் குத்தியது. கிளப் முழுவதும் எழுந்து நின்றது. யாரும் நகர்வதற்குள் தேநீர்க் கூடாரத்துப் பக்கமிருந்து ஒரு குரல்:

"தொடாதீங்க! யாரும் விசிறியைத் திருப்பிடாதீங்க!"

மேவிஸ் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடிவந்தாள். மண்டியிட்டாள். விமானத்தை நிமிர்த்தினாள். விசிறி ஒரு மயிரிழையும் அசையாதபடி மூக்கை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். கைப்பையைத் திறந்து, ரொட்டி சுற்றிவரும் மெழுகுத்தாள் உறை ஒன்றை எடுத்தாள். துடைத்துச் சுத்தமாக மடித்து வைத்திருந்தாள். அதை எஞ்சினின் வாய்க்கு மேல் போர்த்தி, மணிக்கட்டிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை உருட்டி இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

சிரில் கையில் பிடியோடு வந்து நின்றான். உறையைப் பார்த்தான், வளையத்தைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"அக்கா," என்றான் மெதுவாக. "உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

மேவிஸின் கழுத்து சிவந்தது. விமானத்தைத் தம்பி கையில் வைத்துவிட்டு எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டினாள்.

"எதெல்லாம்?" என்றாள். "தேநீர் ஆறுது, வாங்க."

அவள் கூடாரம் வரை போகிறதைப் பார்த்துக்கொண்டிருந்த சிரில், ஹோரஸ் பக்கம் திரும்பினான். "அப்ப அன்னைக்கு அடுப்படியில..."

"மெதுவாப் பிடி, மச்சான்," என்றான் ஹோரஸ். "சாய்க்காத."